பொருளும் இளமையும்: பொருள்வயிற் பிரிவு பற்றிய ஓர் ஆய்வு

பொருள் உடையார் இன்பம் உடையாரா என்னும் வினா எல்லா மொழி இலக்கியங்களிலும் எழுந்த வினாவே. அறநூலார் அதற்கு அறிவுரையாக விடை கூறினர். துறவு நூலார் செல்வத்தின் நிலையாமை காட்டி விடை கூறினர். பழந்தமிழ்ப் புலவரோ அவ்வினாவை ஒரு வீட்டின் வாயிலில் நிகழும் நிகழ்ச்சியாக அமைத்தனர். பொருள் தேடப் புறப்படும் தலைவன் ஒருபால் நிற்கின்றான்; பிரிவை அஞ்சும் தலைவி ஒருபால் நிற்கின்றாள்; இருவர்க்கும் இடையே தோழி நின்று பேசுகின்றாள். இவர்தம் கூற்றுகளின் வழியாகவே பொருளும் இன்பமும் எதிரெதிர் நிறுத்தப்பட்டு எடைபோடப் பெறுகின்றன. பொருள்வயிற் பிரிவு என்னும் துறை இவ்வாறு அமைந்ததாகும்.

இத்துறைப் பாடல்களைப் பற்றிப் பெருவழக்காக நிலவும் கருத்து ஒன்று உண்டு. பொருள் சிறிது, காதல் பெரிது என்பதே பாலைப் புலவரின் முடிபு என்பர். வகுப்பறைகளிலும் மேடைகளிலும் இக்கருத்தே பெரிதும் எடுத்துரைக்கப்படுகிறது. கேட்டற்கு இனிதாயினும், பாடல்களையும் இலக்கணத்தையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு இம்முடிபு முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. பாலைப் புலவர் பொருளை இகழ்ந்தனர் அல்லர். பொருளுக்குக் கொடுக்கும் விலையை எண்ணிக் காட்டினர். அவ்விலை இளமை என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் பரப்பு

ஆராயப்படும் துறை சிறு மூலையில் ஒதுங்கிய ஒன்றன்று. அகநானூற்றின் நானூறு பாடல்களுள் ஒற்றைப்பட எண் பெற்ற 200 பாடல்களும் பாலைக்கு உரியன. ஏனைய நான்கு திணைகளும் சேர்ந்து எஞ்சிய 200 பாடல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. கலித்தொகையில் பாலைக்கலி 35 பாடல்கள் கொண்டது. ஐங்குறுநூற்றில் நூறு பாடல்கள் பாலைக்கு உரியன. இவையனைத்தும் பொருட்பிரிவைப் பாடுவன அல்ல; உடன்போக்கு முதலியனவும் பாலையுள் அடங்கும். அவற்றைக் கழித்த பின்னரும், பொருளின் பொருட்டுப் பிரிதல் சங்க அகப்பாடல்களின் பெருங்கவலைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஒரு சமுதாயம் இத்துணைப் பாடல்களை ஒரே செய்தியின்மேல் பாடிற்று எனின், அச்செய்தி வெறும் மரபாக மட்டும் இருந்திருத்தல் இயலாது.

பொருளின் பயன்

தலைவன் எதன்பொருட்டுப் பொருள் தேடுகின்றான் என்பது முதற்கண் தெளிதற்குரியது. குறுந்தொகை 63ஆம் பாடலில் தலைவன் தன் நெஞ்சோடு வழக்காடுகின்றான். வறியவர்க்கு ஈதலும் இயலாது, நுகர்தலும் இயலாது என்பதே நெஞ்சு கூறும் காரணம். நுகர்ச்சிக்கு இணையாக ஈகையையும் நெஞ்சு வேண்டி நிற்றல் ஈண்டு நோக்கத்தக்கது. தலைவனும் அக்காரணத்தை மறுக்கவில்லை. அவ்வினைக்குத் தலைவியும் உடன் வருவாளா என்று மட்டும் வினவுகின்றான்.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 283ஆம் பாடல் இதனினும் தெளிவானது. முன்னோர் வைத்த செல்வத்தைச் செலவிட்டு வாழ்வார் செல்வர் எனப்படார்; தாமே ஈட்டிய பொருள் இல்லாதார் வாழ்வு இரத்தலினும் இழிந்தது என்பது தலைவன் கொள்கை. இக்கொள்கையை இப்பாடலில் எடுத்துக் கூறுபவள் தலைவியே. அவன் கூறிய காரணத்தை அவள் அறிவாள்; அதனை அவள் மறுக்கவுமில்லை. அவன் சென்ற வழியின் கொடுமையே அவளை வருத்துகின்றது. பொருள் வேண்டாம் என்று கூறும் தலைவியை இப்பாடலில் நாம் காணவில்லை.

ஈதற்பொருட்டு ஈட்டுதல் என்னும் இக்கருத்து புலவர் கற்பனை மட்டும் அன்று என்பதற்குப் பாறைகளும் சான்று தருகின்றன. அழகர்மலைக் குகைத்தளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் உப்பு வாணிகர், துணி வாணிகர், கொழு வாணிகர் முதலியோர் பெயர்கள் காணப்படுகின்றன. கருவூரைச் சார்ந்த பொன் வாணிகன் ஒருவன் பெயர் புகலூர்க் குன்றில் உள்ளது. இவர்கள் எவ்வளவு ஈட்டினர் என்பதை அறிதற்கு வழியில்லை. துறவிகட்குக் கற்படுக்கை அமைக்கக் கொடுத்தமையால் அவர்தம் பெயர் நின்றது. ஈட்டிய பொருள் மறைந்தது. ஈந்த பொருள் எழுத்தாயிற்று.

நுகர்ச்சிக்கு எல்லை உண்டு என்பதையும் சங்கச் சான்றோர் உணர்ந்திருந்தனர். நக்கீரனாரின் புறநானூறு 189ஆம் பாடல் உலகாளும் வேந்தனையும் உறக்கமின்றி விலங்கு வேட்டையாடும் கல்லாத ஒருவனையும் அருகருகே நிறுத்துகின்றது. இருவர்க்கும் உணவு நாழியளவே, உடை இரண்டே. இந்த எல்லைக்கு மேற்பட்ட செல்வத்தின் பயன் கொடுத்தலே என்பது அவர் துணிபு. ஆகவே, பொருள் தேடும் தலைவன் தன் வயிற்றுக்காக மட்டும் தேடவில்லை. விருந்தும் சுற்றமும் இரவலரும் வந்து சேரும் இல்லறத்திற்காகத் தேடுகின்றான். அவ்வில்லறத்தின் தலைவியும் அவளே. எனவே அவளோடு கூடி வாழும் வாழ்வின் நிறைவிற்காகவே அவளைப் பிரிகின்றான் என்னும் முரண் ஈண்டுத் தோன்றுகின்றது. இம்முரணே துறையின் உயிர்.

வறுமையும் கூற்றும்

மேற்கூறிய முடிபுக்குத் தடையாக ஒரு பாடலைக் காட்டுவர். கலித்தொகை 18ஆம் பாடலில், ஓர் ஆடையையே இரு கூறாக்கி உடுக்கும் வறியவர் ஆயினும், பிரியாது ஒன்றி வாழ்வாரின் வாழ்வே வாழ்வு என்னும் கருத்து வருகின்றது. பொருளின்மையிலும் இன்பம் நிறையும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்வர்.

அகப்பாடலில் ஒரு கருத்தை எடுத்தாளுமுன் அது எவர் கூற்று என நோக்குதல் வேண்டும். இது தோழி கூற்று. செல்லத் துணிந்த தலைவனைத் தடுத்து நிறுத்துவது அவள் கடமை. வழக்கில் தன் பக்கத்தை வலியுறுத்துவார் கூறும் உரை அது, தீர்ப்பு அன்று. அன்றியும் ஆடையைப் பகிர்ந்து உடுக்கும் நிலையை அவள் வாழ்ந்து காட்டவில்லை. அத்தகைய நிலை நேரினும் என்று எதிர்மறையின் எல்லைக்கே சென்று பேசுகின்றாள்.

வறுமையை வாழ்ந்து அறிந்தவர் பாட்டு வேறுவகையானது. பெருஞ்சித்திரனாரின் புறநானூறு 160ஆம் பாடலில், வீட்டில் உணவின்மையால் வீட்டையே மறந்து திரியும் மகன் பாலற்ற மார்பைச் சுவைத்து அழுகின்றான். தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்துகின்றாள், திங்களைக் காட்டுகின்றாள், அவன் அழுகை ஓய்ந்தபாடில்லை. இவ்வீட்டில் கணவனும் மனைவியும் பிரியாமல் வாழ்கின்றனர். ஆயினும் அதனை இன்ப வாழ்வு என எவரும் கூறார். அப்புலவரே குமணனிடம் பரிசில் பெற்று மீண்டபின் மனைவிக்குக் கூறும் பாடல் புறநானூற்றின் 163ஆம் பாடலாக உள்ளது. இன்னார் என்று பாராமல், தன்னையும் கேட்டுக்கொண்டிராமல், எல்லோர்க்கும் கொடு என்கின்றார். பசித்த வீட்டிற்குப் பொருள் வந்தபோது அங்கு முதலில் மீண்டது கொடுக்கும் உரிமை. அவ்வுரிமை மனைவியின் கையில் வைக்கப்படுகின்றது. பொருளின்றி இல்லற இன்பம் முழுமை பெறாது என்பதற்கு இவ்விரு பாடல்களினும் சிறந்த சான்று வேண்டா.

வள்ளுவர் பொருள் செயல்வகை என ஓர் அதிகாரம் வகுத்து, நல்வழியில் வந்த பொருள் அறத்தையும் இன்பத்தையும் தரும் என்றமையும், நன்றியில் செல்வம் என மற்றோர் அதிகாரம் வகுத்துப் பயன்படாச் செல்வத்தைப் பழித்தமையும் இக்கருத்தோடு இயைவன.

துலைக்கோலின் இரு தட்டுகள்

பொருள் இத்துணை இன்றியமையாதது எனின், தலைவன் தயங்குவது ஏன்? செலவழுங்கல் பாடல்கள் இதற்கு விடை தருவன.

இப்பாடல்களில் புலவர் கையாளும் முறை ஒன்று உண்டு. பொருள் வைக்கும் தட்டில் மேன்மேலும் செல்வத்தை ஏற்றிக்கொண்டே செல்கின்றனர். நற்றிணை 16ஆம் பாடலில், கடல் சூழ்ந்த நிலவுலகையே தூணி என்னும் முகத்தலளவைக் கருவியாகக் கொண்டு எழுமுறை அளக்கும் அளவு செல்வம் வரினும், தலைவியின் பார்வைக்கு அது ஈடாகாது எனத் தலைவன் முடிக்கின்றான். அகநானூறு 265ஆம் பாடலில் மாமூலனார் பாடலியில் நந்தர் திரட்டிக் கங்கைநீரின் அடியில் மறைத்த நிதியத்தை நினைவூட்டித் தலைவியின் வினாவாக்குகின்றார். என் நலத்தினும் அவர்க்குச் சிறந்ததாகத் தோன்றிய பொருள் அந்த நிதியமோ என்பது அவள் வினா. நந்தரின் நிதி எவர்க்கும் பயன்படாது நீரில் ஒளிந்தது என்பதும் அவ்வினாவினுள் அடங்கிய குறிப்பு.

பட்டினப்பாலை இம்முறையின் உச்சம். 301 அடிகள் கொண்ட அப்பாட்டில் அகப்பொருள் கூறும் அடிகள் மிகச் சிலவே. எஞ்சியவற்றில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் கரிகாலன் பெருமையையும் விரிக்கின்றது. குதிரையும் கறியும் பொன்னும் மணியும் கடல்வழியும் நிலவழியும் வந்து குவியும் நகரத்தையே பெறினும் இவளை விட்டு வாரேன் என்று தலைவன் நெஞ்சிடம் கூறுகின்றான். இப்பாட்டிற்காகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பதினாறு நூறாயிரம் பொன் பரிசிலாகப் பெற்றார் எனக் கலிங்கத்துப்பரணி கூறும். பொருளுக்காகப் பிரியேன் என்னும் பாட்டுப் பெரும்பொருள் ஈட்டிற்று என எள்ளுவார் உளர். அவ்வெள்ளல் பொருந்தாது. பாட்டு மறுப்பது பொருளையன்று. பிரிவினால் வரும் பொருளையே.

எவ்வளவு ஏற்றினும் பொருள்தட்டு ஏன் தாழவில்லை? மற்றைத் தட்டில் இருப்பது பொருளால் அளக்கப்படும் வகையைச் சார்ந்தது அன்று என்பதே காரணம். முன்னர்க் காட்டிய கலித்தொகை 18ஆம் பாடலில் தோழி தன் வழக்கின் அடிப்படையாகக் கொள்வது இதுவே. போன இளமையை மீட்டுத் தருதல் எவர்க்கும் அரிது என்கின்றாள் அவள். இன்று ஈட்டாத பொருளை நாளை ஈட்டலாம். இழந்த பொருளையும் மீட்கலாம். இன்று நுகராத இளமையை நாளை நுகர்தல் இயலாது. ஆடை பற்றிய அவள் கூற்று வழக்காடும் திறம். இளமை பற்றிய அவள் கூற்றோ எவரும் மறுக்கவொண்ணாத உண்மை. பொருள்வயிற் பிரிவின் உண்மையான எதிர்நிலை காதலுக்கும் பொருளுக்கும் இடைப்பட்டதன்று. காலத்திற்கும் பொருளுக்கும் இடைப்பட்டது.

இலக்கணம் வகுத்த எல்லை

இம்முடிபைத் தொல்காப்பியம் இருவகையால் வலியுறுத்துகின்றது.

முதலாவது, காலவரையறை. கற்பியலில் கல்விக்காகப் பிரியும் பிரிவிற்கு மூன்று ஆண்டு எல்லையும், வேந்தன் வினைக்குப் பிரியும் பிரிவிற்கு ஓராண்டு எல்லையும் கூறப்பட்டன. ஏனைப் பிரிவிற்கும் அவ்வோராண்டே எல்லையாகும். பொருட்பிரிவும் அதனுள் அடங்கும். ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. எவ்வளவு பொருள் ஈட்டினால் போதும் என்று இலக்கணம் யாண்டும் கூறவில்லை. எவ்வளவு காலம் பிரியலாம் என்று மட்டும் கூறிற்று. பொருளுக்கு அளவு வகுத்தல் அரிது. வகுத்தாலும் மனம் அதில் நில்லாது. காலத்திற்கோ எல்லை வகுக்கலாம். இன்பத்தைக் காக்கும் வழி பொருளை வரையறுப்பதன்று, பிரிவை வரையறுப்பதே என்பது இவ்விலக்கணத்தின் உட்கிடை.

இரண்டாவது, செலவழுங்கலைப் பற்றிய விளக்கம். தலைவன் செலவை நிறுத்துவது செல்லாமல் இருத்தற்கு அன்று; தலைவியைத் தேற்றிவிட்டுச் செல்லுதற்கே என்று கற்பியல் தெளிவாகக் கூறுகின்றது. நற்றிணைத் தலைவனும் பட்டினப்பாலைத் தலைவனும் இவ்விதிக்கு விலக்கானவர் அல்லர். உலகே வரினும் போகேன் என்றவனும் சின்னாளில் புறப்படுவான் என்பதை அன்றைய கேட்போர் அறிந்திருந்தனர். காதல் வென்றது என்னும் பெருவழக்குக் கருத்தை இவ்விதி ஒன்றே தளர்த்திவிடுகின்றது. தலைவன் போவான், போகவேண்டும் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. போகுமுன், தான் இழப்பது யாது என்பதை அறிந்து நிற்கும் ஒரு பொழுதே செலவழுங்கல். அப்பொழுதைப் பாடுவதே புலவர் பணி. விலையை அறியாமல் வாங்குவானுக்கும் அறிந்து வாங்குவானுக்கும் உள்ள வேறுபாடு அது.

விலை கொடுப்பவர் யார்

இனி, இவ்விலையை யார் கொடுக்கின்றார் என்பதும் ஆராயத்தக்கது. முடிவு செய்பவன் தலைவன். அவன் நெஞ்சொடு வழக்காடுகின்றான், நெஞ்சும் அவனுடையதே. வழக்காடும் இருதரப்பும் ஒருவனுக்குள்ளேயே அமைகின்றன. தலைவிக்கு அவ்வழக்கில் இடமில்லை. அவள் சார்பில் தோழி வாதாடுகின்றாள். அல்லது அவளுடைய கண்ணீரும் நெகிழும் வளையும் பேசுகின்றன. தலைவனுக்குப் பாலையின் வெயிலும் ஆறலை கள்வரும் துன்பம் தருவன. ஆயினும் அவனுக்கு வினை உண்டு, வழி உண்டு, முடிவில் கைப்பொருள் உண்டு. தலைவிக்கு உள்ளது காலம் ஒன்றே. அதுவும் குறைந்துகொண்டே செல்லும் காலம்.

திருக்குறளின் கற்பியல் பிரிவாற்றாமை என்னும் 116ஆம் அதிகாரத்துடன் தொடங்குகின்றது. அதன் முதற்குறளில், பிரியாமை உண்டாயின் என்னிடம் சொல்க. விரைந்து வருவேன் என்பதை அப்போது உயிரோடு இருப்பாரிடம் சொல்க என்னும் கருத்து அமைந்துள்ளது. 127ஆம் அதிகாரமாகிய அவர்வயின் விதும்பலின் முதற்குறளிலோ அவர் பிரிந்த நாள்களை ஒற்றி எண்ணி விரல் தேய்ந்தவளைக் காண்கின்றோம். அவன் வெளியே பொன்னை எண்ணுகின்றான். அவள் உள்ளே நாளை எண்ணுகின்றாள். ஒரே பிரிவிற்கு இருவகைக் கணக்குகள். முதற்கணக்கில் நாளொன்றுக்கு வரவு ஏறுகின்றது. இரண்டாம் கணக்கில் நாளொன்றுக்கு இருப்புக் குறைகின்றது. பாலைப் பாடல்கள் இரண்டாம் கணக்கையும் எழுதி வைத்தன என்பதே அவற்றின் தனிச்சிறப்பு.

இக்கால ஆராய்ச்சியும் பாலைத்திணையும்

பொருளுக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள உறவை இக்காலப் பொருளியலாரும் உளவியலாரும் எண்களால் அளக்க முயன்று வருகின்றனர். அமெரிக்கப் பொருளியலறிஞர் ரிச்சர்டு ஈஸ்டர்லின் 1974இல் எழுதிய கட்டுரையில், ஒரு நாட்டினுள் செல்வர் வறியவரினும் மகிழ்ச்சி மிக்கவராகக் காணப்படினும், நாட்டின் வருவாய் காலப்போக்கில் உயரும்போது மக்கள் மகிழ்ச்சி அதற்கேற்ப உயர்வதில்லை என்றார். 2010இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்க மக்களை ஆராய்ந்து, ஆண்டு வருவாய் ஏறத்தாழ 75,000 டாலருக்கு மேல் உயர்வதால் அன்றாட உவகை மிகுவதில்லை என்றனர். 2023இல் கானமன் மற்றும் இருவருடன் சேர்ந்து அதனை மறு ஆய்வு செய்து, பெரும்பாலோர்க்கு உவகை மேலும் உயர்ந்துகொண்டே செல்கிறது, மகிழ்ச்சி மிகக் குறைந்த பிரிவினர்க்கே அது ஓரளவில் நின்றுவிடுகிறது என்னும் முடிபுக்கு வந்தார்.

இவ்வாராய்ச்சிகள் எவ்வளவு பொருள் எவ்வளவு மகிழ்ச்சி தரும் என வினவுகின்றன. பாலைப் புலவர் வினவியது வேறு. அப்பொருள் எதனைக் கொடுத்துப் பெறப்பட்டது, கொடுத்தவர் யார் என்பதே அவர்தம் வினா. வருவாய் ஒன்றாகவே இருப்பினும், அதன்பொருட்டு இழந்த ஆண்டுகள் வேறுபடுமாயின் இன்பமும் வேறுபடும். குடும்பத்தை ஊரில் விட்டு வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைக்கும் தமிழர்தம் வாழ்வை எண்ணுவார்க்கு இவ்வினாவின் ஆழம் புலப்படும். அவர்தம் வீடுகளில் பொருளின் பயன் கண்கூடு. பிள்ளைகள் படித்தனர், கடன் தீர்ந்தது. அவற்றைப் பொய் எனல் தகாது. அவ்வீடுகளிலும் கணக்கு இரண்டு என்பதை மறத்தலும் தகாது.

முடிபு

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பாலைப் பாடல்களில் பொருள் இன்பத்தின் பகை அன்று. ஈதலும் விருந்தோம்பலும் அமைந்த இல்லற இன்பத்திற்கு அது கருவி. வறுமையைப் போற்றும் கூற்று தோழியின் வாதமேயன்றிப் புலவர் முடிபு அன்று. எவ்வளவு பொருள் வரினும் ஈடாகாது எனத் தலைவன் தயங்குவது, அவன் கொடுக்கும் விலை மீளா இளமை ஆதலின். தொல்காப்பியர் பொருளை வரையறுக்காது பிரிவின் காலத்தை வரையறுத்தமை இதனை உறுதிப்படுத்தும். அவ்விலையின் பெரும்பகுதியைத் தருபவள், முடிவு செய்தலில் பங்கு பெறாத தலைவி.

களவியலின் தொடக்கத்தில் தொல்காப்பியர் உறுதிப்பொருள்களை இன்பம், பொருள், அறன் என நிறுத்தினார். பிற்கால நூல்கள் பெரும்பாலும் அறத்தை முதலில் வைத்தன. அகத்திணை கூறப் புகுந்தவர் இன்பத்தை முதலில் வைத்தது இயல்பே. பொருளை அவர் நடுவில் வைத்ததும் எண்ணத்தக்கது. பொருள் ஒருபால் இன்பத்தையும் மறுபால் அறத்தையும் தொட்டு நிற்கின்றது. இரண்டையும் இணைக்குங்கால் அது செல்வமாகின்றது. ஒன்றையேனும் தொடாது தனித்து நிற்குமாயின், கங்கைநீரில் ஒளித்த நந்தர் நிதியமே ஆகும்.